தண்டனைச் சுற்று

அரையாண்டு லீவுக்குப் பனி பார்க்கணும் என்றான் மகன்.
பரமக்குடியிலிருந்து பனிக்கு
எத்தனை பஸ் மாறணும் என்று தெரியவில்லை.
தனுஷ்கோடிக்கு இரண்டுதான்.

சர்வதேச பயாத்லான், சக்கரச் சறுக்கு,
பதினொரு நாடுகள், அனுமதி இலவசம்.
பாம்பன் தொடங்கி வழி முழுக்கத் தட்டி.

ராத்திரியெல்லாம் வாடை ஊதி
சாலைக்குக் குறுக்கே மணலைக் கிடத்தியிருந்தது.
விடியுமுன்பே வந்த நகராட்சிப் பெண்கள்
தார் தெரியும்வரை கூட்டினார்கள்.
"எங்க ஊர்ல பனியை இப்படித்தான் தள்ளுவோம், வண்டி வச்சு"
என்றாராம் ஒரு வெள்ளைக்காரர்.
ராக்கு துடைப்பத்தின் அடியைத் தரையில் குத்திச் சமன்செய்தாள்.
"வண்டி குனிய வேணாம்ல."

பெண்கடல் என்று பேர்வாங்கிய வடக்குக் கடல்
மார்கழியில் எழுந்து எழுந்து அறைகிறது.
ஆண்கடல் எதிர்ப்பக்கம்
தட்டில் ஊற்றிய ரசம்போல்.
நடுவே ஒரு கோடு சாலை.
அதில் காலில் சக்கரமும் கையில் குச்சியும்
முதுகில் துப்பாக்கியுமாக
அவர்கள் வருகிறார்கள்.
எனக்கு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா.
அவர்களுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை.

துப்பாக்கி லேசராம். சத்தமே இல்லை.
"வெடிக்காத துப்பாக்கிக்கு எதுக்குப்பா இவ்வளவு போலீசு?"
பின்வரிசைக்காரருக்கு வந்த காசு வீண்.
காசு கொடுக்கவில்லை என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது.

மைக்கில் முத்திருளாண்டி.
மற்ற நாட்களில் கபடி, ரேக்ளா.
"லாட்வியா நாட்டு வீராங்கனை இலஞ்சி!" என்றார்.
இல்சே என்று சீட்டில் இருந்தது.
இலஞ்சியே நன்றாக இருந்தது.

ஐந்து கறுப்பு வட்டம்.
பட்டால் வெள்ளையாகும்.
ஓடிவந்த மூச்சை வெளியே விட்டு, பாதியில் நிறுத்தி,
நெஞ்சு ஒருமுறை அடித்து மறுமுறை அடிப்பதற்குள்
விரலை இழுக்கணுமாம்.
எனக்குத் தெரியும் அந்த இடம்.
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து
"பேசாம, அசையாம இருங்கம்மா" என்பாள் நர்ஸ்.
இருக்கணும் இருக்கணும் என்று நினைக்க நினைக்க
ஏறும்.
நூற்றறுபது. நூற்றெழுபது.

படுத்துச் சுட்டபோது மூன்று தப்பு.
நின்று சுடும்போது வாடை அவளைத்
துணிக்கொடியில் போட்ட சட்டையாக ஆட்டியது.
ஒன்று.
இரண்டு.
கறுப்பு கறுப்பாகவே.
ஐந்தும்.

தப்புக்கு ஒரு சுற்று தண்டனை.
அந்தச் சின்ன வட்டம் சரியாக எங்கள் முன்னால் இருந்தது.
அவள் வந்தாள்.
போனாள், வந்தாள்.
"மறுபடியும் இலஞ்சி! அடங்கமாட்டேங்குதய்யா இந்தப் பொண்ணு!"
கூட்டம் எழுந்துவிட்டது.
கண்ணில் அடிக்கடி படுகிறவள்தானே முந்துகிறவள்?
விசில், துண்டுச் சுழற்றல்.
அன்னாசிக் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தவன்
டப்பாவையே தட்ட ஆரம்பித்தான்.
ஜெயித்தவள் அந்தப் பக்கமாகப் போய்
கோட்டைத் தாண்டிக்கூட விட்டாள் போல.

மகன் விதிமுறைச் சீட்டைப் படித்துவிட்டுக் காதில் சொன்னான்:
"அம்மா, அவங்க தோத்துக்கிட்டு இருக்காங்க."
"சரி" என்றேன்.
கைதட்டுவதை நிறுத்தத் தோன்றவில்லை.

ஐந்தாம் சுற்றில் அவள் எங்களைப் பார்த்தாள்.
முதலில் கேலி என்று நினைத்திருப்பாள்.
முகம் அப்படித்தான் இருந்தது.
பிறகு ராக்குவைப் பார்த்தாள்,
துடைப்பத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தவளை.
சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
சிரித்தால் மூச்சு போகும், வேகம் போகும்.
போனது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான்
காலை மாத்திரையை மறந்தது தெரிந்தது.
பாம்பன் பாலத்தில் தம்மாமிலிருந்து போன்.
"யாரு ஜெயிச்சா?" என்றார்.
காற்றில் பாதிதான் கேட்டது.

"யாரோ" என்றேன்.
"ஆனா ஒருத்தி
எங்க முன்னாடி எட்டுத் தடவை வந்தாங்க."